அங்கே அப்போதே இருட்டிவிட்டது

கடந்த பருவத்தில் என் குழுவில் இருந்த ஒரு மாணவிக்கு நான் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன்.

குழுவாகச் செய்யும் இடுபணிகளில், வேலை முடியும் தறுவாயில் ஒவ்வொருவரும் மற்றவர்களின் பங்களிப்பை மதிப்பிட்டு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பவேண்டும். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. படிவம் ஆறிலும் மெட்ரிகுலேஷனிலும் இருக்கும் தம்பி தங்கையருக்கு விரைவில் பழகிவிடும். ‘ஈடுபாடு’ என்ற கட்டத்தில் அவருக்கு இரண்டு போட்டுவிட்டு, காரணம் எழுதும் இடத்தில், ‘கூட்டங்களில் பாதியிலேயே காணாமல் போய்விடுகிறார்; கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை’ என்று எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிக்கலே அதுதான்.

அந்தப் பாடத்தை எங்கள் பல்கலைக்கழகமும் சபாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின. ஆறு பேர் கொண்ட குழு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே வளாகத்தில் நாங்கள் நான்கு பேர். கோத்தா கினாபாலுவில் இருவர். பயன்படுத்திய பாடநூல்களை மாணவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள உதவும் ஒரு செயலிக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கவேண்டும். மார்ச் மாதம், நோன்புக் காலம். செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு இயங்கலையில் கூடலாம் என்று நாங்கள் நால்வரும் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்து, புலனக் குழுவில் அறிவித்தோம். எங்கள் நால்வரில் ஒருவர் நோன்பு நோற்பவர். ஏழு மணிக்குள் கூட்டத்தை முடித்துவிட்டால் அவர் 7.20-க்கு நிதானமாக நோன்பு துறக்கலாம். நண்பரின் வசதியையும் எண்ணிப் பார்த்து நேரம் குறித்துவிட்டோம் என்று எங்களுக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது.

சபா மாணவி முதல் இருபது நிமிடம் நன்றாகப் பேசுவார். பிறகு திரையில் அவருடைய கட்டம் இருண்டுவிடும். பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மூன்றாம் வாரம் செலவுக் கணக்கைப் பற்றி அவரிடம் நேரடியாகவே கேட்டேன். அரை நிமிடம் எல்லாரும் காத்திருந்தோம். பதில் இல்லை. “சரி, நாமே போட்டுக்கொள்வோம்” என்றார் எங்களில் ஒருவர். அந்த ‘நாம்’ என்பதில் சபா சேரவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

வாரக் கடைசியில் படிவத்தை அனுப்பினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசிக் கூட்டம். சபாவின் இன்னொரு உறுப்பினர், ஒரு கடசான் இளைஞர், அன்று சன்னலோரம் உட்கார்ந்து கேமராவைத் திறந்து வைத்திருந்தார். மணி 6.50. எங்கள் பக்கம் சாய்ந்த வெயில் இன்னும் கண்ணைக் கூசியது. அவருக்குப் பின்னால் சன்னல் முழுக்க ஒரே கறுப்பு.

“அங்கே பெரிய மழை வரப்போகிறதா?” என்று கேட்டேன்.

“மழை இல்லை. இரவு” என்றார் அவர்.

நோன்பு நோற்கும் எங்கள் நண்பர்தான் முதலில் வாயில் கை வைத்தார்.

சபாவும் தீபகற்பமும் இன்று ஒரே மணியைப் பார்க்கின்றன. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்பத்தில் மணி 11.30 ஆனபோது கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி 1982-ஐ வரவேற்றார்கள். சபா, சரவாக் நேரத்தோடு தீபகற்பம் இணைந்தது அப்போதுதான்; சிங்கப்பூரும் உடனே மாற்றிக்கொண்டது. ஆனால் கோத்தா கினாபாலு, கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தள்ளிக் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக மறைந்துவிடும். மார்ச் மாதத்தில் எங்களுக்கு 7.20-ஐ ஒட்டி வரும் நோன்பு துறப்பு அவர்களுக்கு 6.25-ஐ ஒட்டி வந்துவிடும். இவை எதுவும் எனக்குத் தெரியாதவை அல்ல. புவியியல் தேர்வில் கேட்டிருந்தால் படம் போட்டே விளக்கியிருப்பேன்.

அன்றிரவு புலனக் குழுவின் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். இரண்டாம் வாரத்தில் அவர் எழுதியிருந்தார்: இங்கே ஆறரைக்கு முன்பே நோன்பு துறந்துவிடுவோம், தொழுகையும் முடித்துவிட்டு வருகிறேன், சற்றுப் பொறுங்கள். அதற்கு மேலும் கீழும் செயலியின் சின்னம் பச்சையா நீலமா என்று நாங்கள் நால்வரும் அடித்துக்கொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட செய்திகள். அவர் சொல்லத்தான் செய்திருக்கிறார். யாரும் படிக்கவில்லை.

அந்தக் கடசான் இளைஞரோ, எங்களுக்கு இது தெரியும் என்றே நினைத்திருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்ததை யார் எடுத்துச் சொல்வார்கள்?

மௌனத்துக்கு எத்தனை பொருள்

மறுநாள் விரிவுரையாளரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரை படிவத்தைத் திருத்தலாம் என்றார். கூடவே ஓர் ஆய்வுக்கட்டுரையையும் படிக்கச் சொன்னார். தண்டனையோ என்று நினைத்தேன். படித்தபோது, எங்கள் குழுவுக்குள் யாரோ ஒளிந்திருந்து எழுதியதுபோல இருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் கிராம்டன் 2001-இல் வெளியிட்ட கட்டுரை அது. வெவ்வேறு கண்டங்களில் உள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் கொண்டு அமைத்த 13 குழுக்களை அவர் ஆராய்ந்தார். ஒருவரையொருவர் நேரில் பார்க்காமல், மின்னஞ்சல் போன்ற வழிகளில் மட்டும் பேசிக்கொண்டு ஒரு திட்டத்தை அவர்கள் முடிக்கவேண்டும். அவர்களுக்குள் போன கடிதங்களை வரிசையாகப் படித்து, எங்கே எது கெட்டது என்று பார்த்தார்.

திறமைக் குறைவோ சோம்பலோ அவர் கண்டவற்றில் முதன்மையானது அல்ல. இரு பக்கமும் ஒன்றையே தெரிந்துவைத்திருக்கிறோம், அப்படித் தெரிந்துவைத்திருக்கிறோம் என்பதும் இரு பக்கத்துக்கும் தெரியும் என்ற நிலை அந்தக் குழுக்களில் உருவாகவே இல்லை. ஒருவர் ஊரில் விடுமுறை, இன்னொருவர் ஊரில் தேர்வு. சொல்ல மறந்துவிடுகிறார்கள், சொன்னாலும் கேட்டவர் மறந்துவிடுகிறார். ஒரு கடிதம் மூவருக்குப் போகிறது, நான்காமவருக்குப் போகவில்லை. எழுதியவர் முக்கியம் என்று நினைத்த வரியைப் படித்தவர் தாண்டிப் போகிறார். இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் தைத்தது மௌனத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதி. பதில் வரவில்லை என்றால் அதற்கு ஒப்புக்கொள்கிறேன் என்றும் பொருள் இருந்திருக்கிறது, கடுமையாக எதிர்க்கிறேன் என்றும் இருந்திருக்கிறது. ஊரில் இல்லை, கணினி பழுது, கேள்வியையே பார்க்கவில்லை, பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்றே தெரியாது என்பனவும் உண்டு. மறுமுனையில் இருப்பவருக்கோ இவை அத்தனையும் ஒரே வெற்றுத் திரை.

அந்த வெற்றிடத்தை நாம் எதைக்கொண்டு நிரப்புகிறோம்? பக்கத்து மேசையில் இருப்பவர் பதில் சொல்லாவிட்டால், அவர் முகத்தைப் பார்க்கிறோம். காய்ச்சல்போல இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். தொலைவில் இருப்பவரின் சூழ்நிலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே பழியை அவருடைய குணத்தின்மேல் போட்டுவிடுகிறோம். ‘ஈடுபாடு: இரண்டு.’

படிக்கட்டின் தூரம்

தொலைவு என்றதும் விமானம் ஏறிப்போகும் தொலைவுதான் நினைவுக்கு வரும். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் வேறு கணக்குச் சொன்னார். பொறியாளர்கள் வேலை தொடர்பாக ஒருவரோடு ஒருவர் எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்று அளந்து, 1977-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று சரிகிறது. ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் என்பது பெரிய பொருட்டாக இல்லை. பேச்சு ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கிறது. விடுதியில் அடுத்த மாடியில் இருப்பவரை வாரக்கணக்கில் பார்க்காமல் இருந்த அனுபவம் நம் எல்லாருக்கும் இருக்கும்.

அது தொலைபேசிக் காலம், இப்போதுதான் எல்லாம் இயங்கலையில் இருக்கிறதே என்று கேட்கலாம். பெருந்தொற்றின்போது நாம் வீட்டிலிருந்து வகுப்பில் உட்கார்ந்த அதே 2020-இல், மைக்ரோசாஃப்ட்டின் ஊழியர்களும் வீட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவில் இருந்த அவர்களில் 61,000-க்கும் மேற்பட்டோரின் தொடர்புகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. கருவிக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை. அந்தக் கருவிகளைச் செய்து விற்பவர்களே அவர்கள்தான். அப்படியும், நேரடியாகப் பேசுவது குறைந்து எழுத்துச் செய்திகள் கூடின. தெரிந்தவர்களோடு நெருக்கம் இறுகியது. குழுவுக்கும் குழுவுக்கும் இடையிலான பாலங்கள் குறைந்தன.

எங்கள் குழுவில் அந்தப் பாலம் நூலகப் படிக்கட்டிலேயே அறுந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. நால்வர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். நேரத்தை யார் குறிப்பது, தலைப்பை யார் தேர்ந்தெடுப்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் புலனத்தில் ஏறும். இதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஜெஃப்ரி போல்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆறு பேரும் ஆறு ஊரில் சிதறி இருப்பதைவிட, சிலர் இங்கே கூட்டமாகவும் சிலர் அங்கே கூட்டமாகவும் இருக்கும்போதுதான் நம்பிக்கை குறைகிறது, பூசல் வளர்கிறது. முதலில் எனக்கு இது விந்தையாகப் பட்டது. ஆறு பேரும் தனித்தனியாக இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் எழுதித்தான் கேட்டிருப்போம். ஆளுக்கொரு பக்கம் என்றால், ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்ற சொற்கள் தாமாகவே வந்துவிடுகின்றன.

530 கிலோமீட்டர் கம்பி

மாணவர்களின் இடுபணிதானே, இரண்டு மதிப்பெண் போனால் என்ன என்று நினைப்பவர்கள், சாங்கியில் பல ஆண்டுகளாக இறங்கி ஏறும் அந்த இரண்டு மாடி விமானத்தின் கதையைக் கேட்கவேண்டும்.

ஏர்பஸ் ஏ380-ஐ ஒரே இடத்தில் செய்யவில்லை. உடற்பகுதியின் முன்னும் பின்னும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், இறக்கைகள் வேல்ஸில், வாலின் பகுதிகள் ஸ்பெயினில், எல்லாவற்றையும் பொருத்துவது பிரான்சின் துலூஸில். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய், பாதி தூரத்துக்கும் மேல் திரும்பி வரலாம்.

ஹாம்பர்க்கில் கம்பிகள் பொருத்தப்பட்ட பகுதிகள் துலூஸ் வந்து சேர்ந்தன. தொழிலாளர்கள் கம்பிகளை இணைக்கப் பார்த்தார்கள். எட்டவில்லை. சில கம்பிகள் சில சென்டிமீட்டர் குறைவாக இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு விமானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் கம்பிகள், அவற்றில் எது பொருந்தும் எது பொருந்தாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிலை.

காரணங்கள் பல. எடையைக் குறைக்கச் சில இடங்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி பயன்படுத்தினார்கள். அது செம்பைப்போல வளையாது. ஒவ்வொரு விமான நிறுவனமும் உட்புறத்தைத் தன் விருப்பப்படி கேட்டது. ஆனால் பெரிய காரணமாகப் பேசப்பட்டது, கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருள். துலூஸ் அதன் ஐந்தாம் பதிப்பில் வேலை செய்தது. ஹாம்பர்க் நான்காம் பதிப்பிலேயே இருந்தது. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்தின் படத்தில் சரியாக வந்து சேரவில்லை. பள்ளியில் ஒருவர் கணினியில் செய்த படைப்பை இன்னொருவர் பழைய மென்பொருளில் திறக்கும்போது எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்குமே, அதன் பேருருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்காவது கலைந்தது கண்ணுக்குத் தெரியும். அங்கே இரண்டு திரைகளிலும் படம் சரியாகத்தான் தெரிந்தது. இரண்டும் ஒரே படம் அல்ல என்பதுதான் தெரியவில்லை.

இங்கே ஒரு கணக்கு. ஹாம்பர்க்குக்கும் துலூஸுக்கும் இடையே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கும் கோத்தா கினாபாலுவுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே மணி. தொலைபேசி, மின்னஞ்சல், தினமும் விமானம் எல்லாம் உண்டு. இடையில் நின்றது கிலோமீட்டர் இல்லை. ஏர்பஸ், நாட்டுக்கொரு நிறுவனமாகப் பல ஆண்டுகள் நடந்து, 2001-இல்தான் ஒரே நிறுவனமாக இணைந்தது. யாருடைய கருவியை யார் ஏற்பது என்பது அப்படிப்பட்ட இடத்தில் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்காது என்பது என் எண்ணம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கல்யாணத்தில் எந்தப் பக்கத்துச் சமையல்காரர் என்பதுபோல அது மானப் பிரச்சினையாகிவிடும்.

ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூஸுக்குப் போய், கையாலேயே கம்பிகளை இழுத்துச் சரிசெய்தார்கள். 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும், தாய் நிறுவனமான ஈ.ஏ.டி.எஸ்-இன் பங்கு விலை ஒரே நாளில் 26 விழுக்காடு விழுந்தது. அடுத்த மாதம் ஏர்பஸின் தலைவரும் தாய் நிறுவனத்தின் இணைத்தலைவர்களில் ஒருவரும் பதவி விலகினார்கள். 2006-இல் வரவேண்டிய முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்கு வந்தது 2007 அக்டோபர் 15-இல். பத்து நாள் கழித்து அது பயணிகளோடு சிட்னிக்குப் பறந்தது.

இதைப் படித்ததும், வெவ்வேறு ஊரில் இருந்தால் வேலை கெடத்தான் செய்யும் என்ற முடிவுக்கு நான் வந்திருப்பேன். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் விஸ்தா அதைத் தடுத்தது. (விஸ்தாவை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அது வேறு கதை.) கிறிஸ்டியன் பேர்ட் முதலானோர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விஸ்தாவின் சில பகுதிகளை ஒரே இடத்தில் இருந்த பொறியாளர்கள் எழுதினார்கள். சில பகுதிகளை வெவ்வேறு கண்டங்களில் இருந்தவர்கள் சேர்ந்து எழுதினார்கள். வெளியான பிறகு எந்தப் பகுதியில் அதிகக் கோளாறு என்று எண்ணிப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடே இல்லை.

ஏன்? அவர்கள் சொல்லும் காரணங்களைப் படித்தால் ஏ380-இன் கதையைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். எல்லா ஊரிலும் ஒரே கருவிகள், ஒரே காலக்கெடு. வெளிநாட்டு அலுவலகங்களை நடத்தப் போனவர்களில் பலர் ரெட்மண்ட் தலைமையகத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவிட்டுப் போனவர்கள். அங்கே யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்று முகம் தெரிந்து வைத்திருந்தவர்கள். இரு பக்கமும் தவறாமல் பேசிக்கொள்ளும் வழக்கம். சுருக்கமாகச் சொன்னால், மறுபக்கத்து அறை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருந்தது.

ஒரு கேள்விக்கு ஒரு நாள்

என் பெரியம்மா மகன், அண்ணன், பினாங்கில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளர். இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை திறந்த நாளிலிருந்து அந்தத் தீவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே வேலை போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது அண்ணனின் குழுவில் பாதிப் பேர் கலிபோர்னியாவில். நோன்புப் பெருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தவரிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்தார். அவரிடமும் ஒரு கதை இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில், மாலை ஆறு மணிக்கு அன்றைய சோதனை முடிவை அனுப்பிவிட்டுக் கிளம்பினாராம். ‘மூன்று சில்லுகள் தேறவில்லை’ என்று ஒரே வரி. கலிபோர்னியாவில் அப்போது விடியற்காலை மூன்று மணி. அவர்கள் அலுவலகம் வந்து படித்துவிட்டு, ‘எந்த வெப்பநிலையில்?’ என்று கேட்டார்கள். பினாங்கில் நள்ளிரவு. அண்ணன் தூங்கி எழுந்து காலை எட்டு மணிக்குப் பதில் அனுப்பினார். அங்கே முந்தின நாள் மாலை ஐந்து. வீட்டுக்குக் கிளம்பும் நேரம். இரண்டே சொல்லில் எழுதியிருக்கக்கூடிய ஒரு விவரத்துக்கு ஒரு முழு நாள் போயிற்று. இது கோடைக்காலக் கணக்கு. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிடுவார்கள்; 15 மணி நேர வேறுபாடு 16 ஆகிவிடும். நம் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லாததால், அண்ணன் ஒரு நவம்பரில் ஒரு மணி நேரம் ஆளில்லாத கூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாராம்.

“நான் இங்கே எட்டு மணி நேரம் என்ன கஷ்டப்பட்டேன்னு அவங்களுக்குத் தெரியாதுடா. நான் எழுதின நாலு வரிதான் அவங்களுக்குத் தெரியும்” என்றார். இப்போது அந்த நான்கு வரியில், எது முடிந்தது, எது எங்கே சிக்கி நிற்கிறது என்பதோடு, நாளை எந்த நேரத்தில் தான் கிடைக்கமாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறார். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே, இங்கே விடுமுறை என்று சொல்லிவிடுகிறார். அது என்ன நாள் என்று ஒரு வரியும் சேர்க்கிறார். அவர்கள் நவம்பர் கடைசியில் எடுக்கும் நன்றி நவிலல் விடுமுறையும் அவர் நாட்காட்டியில் இருக்கிறது. படித்துவிட்டேன், நாளை பதில் தருகிறேன் என்பதையும் ஒரு பதிலாக எண்ணி அனுப்புகிறார். பெரிய உத்தி எதுவும் இல்லை. இதை யாரும் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கும் திட்ட அறிக்கையை எப்படி எழுதுவது என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். முதல் கூட்டத்தில் ‘உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு இருட்டும்?’ என்று கேட்கவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

படிவத்தை வியாழக்கிழமையே திருத்தினேன். ஐந்து போடவில்லை, நான்கு போட்டேன். செலவுக் கணக்கை அவர் இரண்டு நாள் தாமதமாகத்தான் அனுப்பியிருந்தார்; அதற்கும் சூரியனுக்கும் தொடர்பில்லை. பிறகு அவருக்குத் தனியாக ஒரு செய்தி எழுதி, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நீண்ட நேரம் பதில் இல்லை. இந்த முறை காத்திருந்தேன்.

இரவு பத்து மணிக்கு மேல் பதில் வந்தது. ‘பரவாயில்லை. நீங்கள் எல்லாரும் தெரிந்துதான் ஆறு மணி வைத்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.’

மூன்று வாரமாக அவர் எங்களை அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

பருவ முடிவில், மற்றவர்கள் எங்களைப் பற்றி எழுதிய கருத்துகளைப் பெயர் நீக்கி எங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். எனக்கு வந்ததில் மூன்று நல்ல வரிகள் இருந்தன. நான்காவது: ‘கூட்ட நேரத்தை எங்களிடம் கேட்காமலே முடிவு செய்கிறார்.’ சபாவின் இருவரில் எவர் எழுதியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.